எட்டில் ஐந்து பங்கு ஆள்: அகமதாபாத் தறிக்கூடத்தில் நடந்த ஒரு சோதனை

1952 ஜூன் மாதம் அகமதாபாத்தின் ஜூபிலி மில்லில் தானியங்கித் தறிகள் ஓடத் தொடங்கின. கேலிகோ மில் என்று ஊர் அறிந்த நிறுவனத்துக்குச் சொந்தமான ஆலை அது. தறிகள் புதியவை. எத்தனை தறிக்கு எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை என்பதையெல்லாம் நிபுணர்கள் நேரம் அளந்து கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆட்களும் நெசவுக்குப் புதியவர்கள் இல்லை. ஆனாலும் மாதங்கள் ஓடினவே தவிர உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. பழுதில்லாத துணியும் போதுமான அளவு வரவில்லை.

இப்படி ஒரு நிலை வந்தால் நிர்வாகங்கள் வழக்கமாக என்ன செய்யும் என்பதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் புகார்கள் தேங்கிப் போயின. ஒரு புகார் முடிவதற்குள் மூன்று பிரிவுகளின் கை மாறும். எந்தப் பிரிவும் முழுப் புகாரையும் பார்க்காது. நிர்வாகம் கண்ட தீர்வு, ஒரு ஊக்கப் பேச்சாளர். இரண்டு மணி நேரம் கைதட்டினோம், ஆளுக்கு ஒரு டீ-சர்ட் கொடுத்தார்கள். மறுநாள் காலை அதே மூன்று பிரிவு, அதே தேக்கம். வேலையில் உளவியல் என்றாலே பலருக்கு இந்த டீ-சர்ட்தான் நினைவுக்கு வருகிறது. அகமதாபாத் கதையை எழுதத் தோன்றியதே அதனால்தான்.

கேலிகோவின் தலைவர் கௌதம் சாராபாய். விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் அண்ணன். குடும்பத்துக்கே தொழிலாளர் பிரச்சினை வீட்டு விவகாரமாக இருந்த வரலாறு உண்டு. 1918இல் அகமதாபாத் மில் தொழிலாளர்கள் காந்தியின் வழிகாட்டலில் 35 சதவீத ஊதிய உயர்வு கேட்டுப் போராடியபோது, முதலாளிகள் பக்கம் நின்றவர் கௌதமின் அப்பா அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1920இல் உருவான மஜூர் மகாஜன் என்ற தொழிற்சங்கம், பேசித் தீர்ப்பதையே தன் வழியாக வைத்துக்கொண்டது. ஆலையில் எதை மாற்றினாலும் சங்கத்திடம் பேசியாக வேண்டும் என்பது அந்த ஊரில் பழகிப்போன விஷயம்.

உளவியலும் அந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ஜவுளி ஆலைகளுக்காக விக்ரம் தொடங்கிய அட்டிரா ஆய்வு நிலையத்தில், 1949இலிருந்தே கமலா சௌத்ரி என்ற உளவியலாளர் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்தார். நூலின் வலிமையைச் சோதிக்கும் இடத்தில் மனிதர்களைப் பற்றியும் ஆராய ஒரு பிரிவு இருந்தது என்பதே அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். பின்னாளில் அகமதாபாத் ஐ.ஐ.எம். தொடங்கியபோது அதைக் கட்டியெழுப்பிய முதல் சிலரில் ஒருவர் இவர். கௌதமின் மனைவி கமலினியோ உளப்பகுப்பாய்வு பயின்றவர். ஆக, தறி ஓடவில்லை என்றதும் லண்டனிலிருந்து ஓர் ஆய்வாளரை அழைக்கலாம் என்று கௌதமுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

வந்தவர் ஏ. கே. ரைஸ். வேலையிடங்களில் மனித உறவுகளை ஆராயும் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த நிறுவனத்தார் அதற்குக் கொஞ்சம் முன்புதான் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். பழைய முறையில் சிறு குழுக்கள் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டு வெட்டுவது முதல் வண்டியில் ஏற்றுவது வரை முழுசாகச் செய்தன. இயந்திரம் வந்ததும் அந்த வேலை மூன்று ஷிப்டுகளாகத் துண்டாடப்பட்டது. ஒரு ஷிப்ட் வெட்டும், இன்னொன்று நிலக்கரியை நகர்த்தும் கன்வேயரை இடம் மாற்றும், மற்றொன்று அள்ளும். முந்தின ஷிப்ட் விட்ட குறை அடுத்த ஷிப்டின் தலையில் விடியும். சண்டை, விடுப்பு, சோர்வு எல்லாம் பெருகின. எரிக் ட்ரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் 1951இல் இதை எழுதினார்கள். பாம்ஃபோர்த் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அதனால்தான் அந்த ஆய்வில் நிலக்கரித் தூசியின் வாசனை அடிக்கிறது. இயந்திரத்தை ஒருவிதமாக அமைத்தால் மனிதர்களுக்கு இடையிலான உறவும் அதற்கேற்ப மாறிவிடும், ஒன்றை விட்டு மற்றொன்றைச் சரிசெய்ய முடியாது என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

அந்தக் கண்ணோடுதான் ரைஸ் 1953இல் ஜூபிலி மில் தறிக்கூடத்துக்குள் நுழைந்தார்.

கூடத்துக்குள் என்ன இருந்தது

சாதாரணத் தறியில், குறுக்காக ஓடி நெய்யும் நாடாவுக்குள் இருக்கும் தார் (குறுக்கு நூல் சுற்றிய சிறு கண்டு) தீர்ந்தால், நெசவாளர் தறியை நிறுத்திப் புதுத் தாரைப் போட வேண்டும். தானியங்கித் தறியில் அந்த வேலையைத் தறியே செய்துகொள்ளும். பக்கவாட்டில் பேட்டரி என்ற சுற்றும் அமைப்பு இருக்கும். அதில் தார்களை அடுக்கி வைத்தால், ஒன்று தீர்ந்ததும் அடுத்தது தானாக நாடாவுக்குள் விழும். பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், ஓர் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். நெசவாளர் ஓடி வந்து இழையை முடிந்து மறுபடி ஓட விட வேண்டும். ஆகவே ஒருவர் இரண்டு தறிக்குப் பதில் முப்பது தறியைப் பார்க்கலாம் என்பது கணக்கு.

தறியைப் பார்த்துக்கொள்வதில் மிச்சமானதையெல்லாம் தனித்தனி வேலையாக வெட்டினார்கள். 224 தறிகள், 29 பேர், அவர்களுக்கு 12 வகை வேலைகள். இழை முடிய நெசவாளர்கள் 8 பேர். பேட்டரியில் தார் நிரப்ப 5 பேர். மொத்தமாகப் பாவு அறுந்து சிக்கிக்கொண்டால் சரிசெய்ய 3 பேர். அவர்கள் போக, புதுப் பாவு உருளை ஏற்றுகிறவர், தறிகளைச் சீர்செய்யும் ஜாபர், அவருக்கு உதவியாள், எண்ணெய் விடுகிறவர், நெய்த துணியை எடுத்துப்போகிறவர், தார் கொண்டு வருகிறவர், பெருக்குகிறவர், காற்றின் ஈரப்பதத்தைக் கவனிக்கும் ஃபிட்டர் என்று ஒரு பட்டியல். பருத்தி நூல் காய்ந்தால் படபடவென்று அறுந்துபோகும். ஆகவே ஈரப்பதம் பார்ப்பதும் சின்ன வேலை இல்லை.

தாளில் எல்லாம் கச்சிதம். ஆனால் ரைஸ் தாளை விட்டுவிட்டு ஒரே ஒரு நெசவாளரின் இடத்தில் நின்று பார்த்தார். எட்டு நெசவாளருக்கு ஐந்து தார் நிரப்புபவர்கள். அப்படியானால் ஒரு நெசவாளருக்குக் கிடைப்பது தார் நிரப்புபவரில் எட்டில் ஐந்து பங்கு, பாவுச் சிக்கல் தீர்ப்பவரில் எட்டில் மூன்று பங்கு, ஜாபரில் இன்னும் குறைவு. முழு ஆள் யாரும் அவருக்கு இல்லை. தார் நிரப்புகிறவர் பக்கமிருந்து பார்த்தாலும் அதே கதிதான். அவருடைய 40, 50 தறிகள் ஒன்றுக்கு மேற்பட்ட நெசவாளரின் எல்லைக்குள் கிடக்கும். அவருக்குத் தெரிந்தது தன் தறிகளின் எண்ணிக்கை. யாரோடு சேர்ந்து வேலை பார்க்கிறோம் என்பது தெரியாது. பேட்டரி காலியாகித் தறி நின்றால் நெசவாளர் யாரைக் கூப்பிடுவார்? கூப்பிட்டாலும் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

இந்த எட்டில் ஐந்து பங்கு என்ற கணக்குதான் முழு ஆய்விலும் என்னை மிகவும் பிடித்து வைத்தது. மனசு, ஊக்கம், மனப்பான்மை என்ற சொற்கள் எதுவும் அதில் இல்லை. வெறும் வகுத்தல் கணக்கு. ஆனால் ஒரு கூடத்தில் 29 பேர் சேர்ந்து நிற்கலாம், அப்போதும் அங்கே ஒரு குழுகூட இல்லாமல் இருக்கலாம் என்பதை அது காட்டிவிடுகிறது.

நெய்யும் ரகம் மாறினால் நிலைமை இன்னும் மோசமாகும். மெல்லிய நூல் என்றால் பாவு அதிகம் அறும்; நெசவாளருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தடித்த ஊடை (குறுக்கு நூல்) என்றால் தார் சீக்கிரம் தீரும். தார் நிரப்புகிறவர் ஓட வேண்டும், நெசவாளர் சும்மா நிற்பார். ஒருவர் மூழ்கும்போது பக்கத்தில் இருப்பவர் கை கொடுக்கலாமே என்றால், அது அவருடைய வேலை இல்லை, அவருடைய ஊதியத்திலும் இல்லை. ஆகவே மேற்பார்வையாளர்கள் நாள் முழுதும் கூடத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். இங்கே ஒருவரை இழுத்து, அங்கே ஒருவரை விரட்டி, அமைப்பில் இருந்த ஓட்டைகளைத் தங்கள் கால்களால் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு யோசனை, ஒரே நாளில்

ரைஸ் முன்வைத்தது ரொம்ப எளிமையான யோசனை. ஒரு தொகுதித் தறிகளை ஒரு தொகுதி ஆட்களிடம் ஒப்படைத்தால் என்ன? அறுபத்துச் சொச்சம் தறிகளுக்கு 7 பேர். நெசவு, தார், பாவு, எண்ணெய், பராமரிப்பு எல்லாம் அந்த ஏழு பேருக்குள். யார் எதைச் செய்வது என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அவர்களில் ஒருவர் குழுத் தலைவர்.

இந்த யோசனையை அவர் தொழிலாளர்களிடம் கொண்டுபோய்ப் பிரசங்கம் செய்யவில்லை. ஆலை மேலாளர், மேற்பார்வையாளர்கள் வழியாகத்தான் பேச்சு போனது. மெதுவாக விவாதித்து, கட்டம் கட்டமாகச் செய்யலாம் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் செய்தி கூடத்துக்குள் போனதும் தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. யார் யாரோடு சேர்வது என்று தங்களுக்குள்ளேயே பேசிக் குழு அமைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்கள் இந்த யோசனையைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே சொல்லலாம். மாற்றம் என்றாலே தொழிலாளர் எதிர்ப்பார்கள் என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வகுத்தல் கணக்கின் வலி தினமும் யார் உடம்பில் இருந்ததோ, அவர்களுக்கு மருந்து எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்திய மில்களின் நெசவுப் பிரிவுக்குள் யார் நுழைய முடிந்தது என்பது வேறு கதை. பம்பாயிலும் அகமதாபாத்திலும் பருத்தி ஆலைகளில் தலித்துகள் நூற்புப் பக்கமே ஒதுக்கப்பட்டார்கள். பழைய நாடாவில் நூலைக் கண் வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், அவர்கள் வாய் பட்ட நாடாவைத் தொட மாட்டோம் என்று மற்ற நெசவாளர்கள் மறுத்தார்கள். அம்பேத்கர் பம்பாய் மில்களைப் பற்றி இதைப் பேசியிருக்கிறார். ஆக, ரைஸின் குழுக்கள் சுதந்திரமாக அமைந்தன என்றால், ஏற்கெனவே வாசலில் வடிகட்டப்பட்டு உள்ளே வந்தவர்களுக்கு இடையிலான சுதந்திரம் அது. அந்தச் சோதனையைப் புகழ்ந்து எழுதியவர்கள் அனேகமாக இதைத் தொடுவதில்லை.

எண்கள்

ஒரு தறி நிற்காமலே ஓடினால் எத்தனை ஊடை போடுமோ, அதில் எத்தனை சதவீதம் உண்மையில் போட்டது என்பதை எஃபிஷியன்ஸி என்பார்கள். மாற்றத்துக்கு முன் இது சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது. குழுக்கள் அமைந்ததும் எடுத்த எடுப்பில் எல்லாம் சீராகிவிடவில்லை. கொஞ்ச காலம் எண்கள் மேலும் கீழுமாக ஆடின. பழகிய பிறகு எஃபிஷியன்ஸி ஏறத்தாழ 95 சதவீதத்தில் நிலைபெற்றது. பழுதுள்ள துணி 32 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு புதுத் தறிகூட வாங்கவில்லை.

பின்னர் கூடுதல் ஷிப்ட் சேர்த்தபோது அனுபவமில்லாதவர்கள் உள்ளே வந்தார்கள். எண்கள் சரிந்தன, அப்புறம் மீண்டன. நெருக்கடி வந்தபோது ஆட்கள் பழைய தனித்தனி வேலைப் பழக்கத்துக்குத் திரும்பினார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. இப்படிக் குழுவாக வேலை செய்வது ஒருமுறை கற்றுக்கொண்டால் மறக்காத சைக்கிள் ஓட்டம் போன்றது கிடையாது.

சாதாரணத் தறிகள் இருந்த கூடத்திலும் 1954இல் இதே முறையை முயன்றார்கள். அங்கேயும் பலன் கிடைத்தது. ஆனால் அங்கே பழைய பழக்கம் ஆழமாக வேரூன்றியிருந்ததால் மாற்றம் மெதுவாகவே பரவியது. தானியங்கித் தறிக்கூடத்தில் பழைய முறைக்கு வயது ஓராண்டுதான். யாருக்கும் அதன் மேல் பாசம் இல்லை.

ஊதியக் கேள்வி

சோதனை என்று சொன்னாலும் ஆய்வகத்தில் செய்வது போல ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. ஊதிய முறையும் சேர்ந்தே மாறியது. வேலை வகைகள் குறைந்தபோது ஊதிய நிலைகளும் குறைந்தன, தொழிலாளர்களின் வருமானம் ஏறியது. அப்படியானால் துணி நன்றாக வந்ததற்குக் காரணம் குழுவா, காசா? பின்னாளில் இந்திய ஆய்விதழ்களில் இந்தக் கேள்வியை எழுப்பினார்கள். நியாயமான கேள்வி. காசை ஒதுக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாக இருக்காது.

ஆனாலும் காசு மட்டுமே காரணம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பழைய அமைப்பில் ஒரு நெசவாளருக்கு இரட்டிப்புக் கூலி கொடுத்திருந்தாலும், அவருடைய தறியின் பேட்டரியை நிரப்புகிறவர் அந்தப் பக்கம் ஐம்பதாவது தறியில்தான் நின்றிருப்பார். கூலி அவரை அருகில் கொண்டு வராது. கூலியும் ஏற்பாடும் கைகோத்து வேலை செய்தன என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனை வடிவமைக்கப்படவில்லை.

மேற்பார்வையாளருக்கு என்ன வேலை

குழுக்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் என்றால் மேற்பார்வையாளர் எதற்கு? இந்தக் கேள்விக்கு ரைஸ் கொடுத்த பதில், என் பார்வையில், சதவீதங்களைவிட முக்கியமானது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தவர் வெளியே வந்து வாசலில் நிற்க வேண்டும். நல்ல நூல் நேரத்துக்கு வருகிறதா, உதிரிபாகம் இருக்கிறதா, நெய்யும் ரகத்தை மாற்றப் போகிறார்கள் என்றால் குழுவுக்கு முன்கூட்டியே தெரிகிறதா, அதற்கேற்ப எதிர்பார்ப்பு திருத்தப்படுகிறதா? வெளியிலிருந்து வரும் குலுக்கல் குழுவுக்குள் அப்படியே போய் விழாமல் தாங்கிக்கொள்வதுதான் அவர் வேலை. உள்ளே யார் எந்தத் தறியின் முன் நிற்கிறார்கள் என்பது அவர் கவலை இல்லை.

சொல்வது சுலபம். இத்தனை வருஷம் விரட்டியே பழகியவருக்குக் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பது தண்டனை மாதிரி இருக்கும். மேலதிகாரி கூடத்துக்கு வரும்போது அவர் ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை செய்கிறார் என்று தெரியும்.

17 வருஷம் கழித்து

டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் 1970இல் மறுபடி அகமதாபாத் போனார். அவர் மானுடவியலாளர். மலபாரின் சாதி அமைப்பை ஆராய்ந்தவர், 1950களின் பிற்பகுதியில் கேலிகோவுக்குள்ளேயே ஆலோசகராக இருந்தவர். இந்தத் துறையில் இப்படித் திரும்பிப் போய்ப் பார்க்கும் வழக்கம் அரிது. வெற்றி என்று ஒரு கட்டுரை வந்ததோடு ஆய்வாளர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மில்லர் போனதால்தான் இந்தக் கதைக்கு இரண்டாம் பாதி கிடைத்தது.

குழு முறை தொடங்கிய நான்கு இடங்களை அவர் பார்த்தார். ஒன்றில் குழுக்கள் அப்படியே இருந்தன. செயல்பாடும் ஏறக்குறைய பழைய உயரத்திலேயே நின்றது. ஆட்கள் மாறியிருந்தார்கள், ஆனால் ஏற்பாடு உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருந்தது. எல்லாவற்றுக்கும் முதலில் தொடங்கிய, ஒரே நாளில் தொழிலாளர்கள் பறித்துக்கொண்டு போன அந்தத் தானியங்கித் தறிக்கூடத்தில், பழைய குழு முறையின் சாயல்தான் மிச்சம்.

ஏன் என்று மில்லர் தேடியபோது தொழிலாளர்களின் ஆர்வம் குறைந்ததாக அவருக்குத் தெரியவில்லை. சந்தை மாறியிருந்தது. ஒரே ரகத் துணியை நாள்கணக்கில் நெய்த காலம் போய், சிக்கலான ரகங்களை அடிக்கடி மாற்றி மாற்றி நெய்ய வேண்டியதாயிற்று. நூலின் தரம் தடுமாறியது, தேவையானது நேரத்துக்கு வரவில்லை. இந்தச் சோதனையைத் தொடங்கிவைத்து, ஏன் தொடங்கினோம் என்று அறிந்திருந்த மேலாளர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு எண்கள் இறங்குவது தெரிந்தது. அவர்களுக்குத் தெரிந்த வழியைச் செய்தார்கள்: மேற்பார்வையாளரை உள்ளே அனுப்பினார்கள். அவர் வாசலை விட்டுக் கூடத்துக்குள் நுழைந்து, இவரை அங்கே போ, அவரை இங்கே வா என்று ஆட்களை நகர்த்தத் தொடங்கினார். வாசலில் யாரும் இல்லை. நூல் இன்னும் மோசமாக வந்தது. எண்கள் இன்னும் இறங்கின. அவர் இன்னும் வேகமாக ஓடினார்.

குழுக்கள் பிழைத்த இடமோ சாதாரணத் தறிகள் ஓடிய கூடம். 1954இல் மெதுவாக, தயக்கத்தோடு மாறிய பக்கம்.